பையில் ஒரு பந்து

"பந்து எங்கம்மா?"

அமல்ராணியிடம் இப்படிக் கேட்டவர் ஏட்டு பெரியதம்பி. விழுப்புரம் பைபாஸில் வண்டிகளை மறித்துச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஷேர் ஆட்டோவில் அத்தனை பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, இவளை மட்டும் இறங்கச் சொன்னார்கள். காரணம், மடியில் கிடந்த நீளப் பையும் அதற்குள் இருந்த பேஸ்பால் மட்டைகளும்.

"நான் பி.டி. டீச்சர் சார். திண்டிவனத்துல வேலை. எங்க கிளப் பொண்ணுங்க ஆடுறதுக்கு எடுத்துக்கினு போறேன்."

"அதத்தாம்மா நானும் கேக்குறேன். ஆடுறதுன்னா பந்து வேணும்ல? பேட்டு இத்தினி கீது, பந்து ஒண்ணு கூட காணோம். போன மாசம் ஒரு கார்ல இதே மாதிரி பேட்டு புடிச்சோம். அவனும் ஆடுறதுக்குன்னுதான் சொன்னான். யாரு மண்டையில ஆடுறதுக்குன்னு அப்பால தெரிஞ்சிச்சி."

அமல்ராணிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டாம். ஆனால் ஏட்டு சொன்னதில் பொய் இல்லை. இந்த நாட்டில் பேஸ்பால் மட்டை வாங்குகிறவனில் பாதிப் பேர் பேஸ்பால் பந்தைக் கண்ணால் பார்த்ததில்லை. காரின் சீட்டுக்கு அடியில் வைப்பதற்கென்றே வாங்குகிறான். அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

பந்துகள் இன்னொரு பையில் அவளுடைய கிளப் பெண் சகாய பிரியாவிடம் இருந்தன. அவள் முன்னாலேயே பஸ் ஏறிப் போய்விட்டாள். போன் போட்டு அவளைத் திரும்பி வரச் சொல்லி, அவள் வந்து சேரும்வரை சாலை ஓரத்துப் புளியமரத்தடியில் ஏட்டுக்குப் பக்கத்தில் நின்றாள் அமல்ராணி. நின்ற நேரத்தில் வாய் சும்மா இருக்குமா? பேஸ்பால் என்றால் என்ன, அதை ஒலிம்பிக்கிலிருந்து எப்படித் துரத்தினார்கள், மறுபடி உள்ளே கொண்டுவர உலகம் முழுக்க என்னவெல்லாம் செய்கிறார்கள், விழுப்புரம் மாவட்டத்தில் தான் என்ன செய்கிறாள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பிரியா வந்து பந்தைக் காட்டியபோது ஏட்டு பாதி பேஸ்பால்காரராகியிருந்தார். பேஸ்பாலுக்கு ஆதரவாக அவள் ஊரெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த துணியை விரிக்கச் சொல்லி, பதவியோடு சேர்த்துப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோம்மா. இனிமே பேட்டு மேல ஒரு பந்தும் ஒரு கிளவுசும் வெச்சிக்கினு போ. ஜிப்பத் தொறந்ததும் அதுதான் கண்ணுல படணும். எந்தப் போலீசும் உன்ன நிறுத்த மாட்டான்."

நல்ல மனுஷன் நல்லெண்ணத்தோடு சொன்னது. அமல்ராணியும் அதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அன்றைக்கு அதை மறந்து தொலைத்திருக்கலாம்.

இது 2013 ஜூன் மாதம். கையெழுத்துத் துணியோடு அவள் கிளம்பியது அந்த மாதம்தான் என்றாலும் ஆத்திரம் பழையது. 1993இல் விழுப்புரத்தில் கல்லூரியில் படித்தபோது, போன வருஷம்தான் ஒலிம்பிக்கில் சேர்த்த ஆட்டம் என்று சொல்லி அவள் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு ஆட்டம் கிடையாது, கல்யாணமும் கிடையாது. 2005இல் ஒலிம்பிக் கமிட்டிக்காரர்கள் சிங்கப்பூரில் கூடி ஓட்டுப் போட்டு பேஸ்பாலையும் சாஃப்ட்பாலையும் வெளியே தள்ளினார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கோடு சரி. அதற்குப் பிறகு அவளுடைய பெண்கள் சான்றிதழை எடுத்துக்கொண்டு விளையாட்டுக் கோட்டாவில் வேலை கேட்டு எந்த ஆபீசுக்குப் போனாலும், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னா ஆட்டம்மா?" என்று கேட்டார். சகாய பிரியாவைப் போலப் பந்து வீசும் பெண் இந்தப் பக்கத்தில் பிறந்ததில்லை. அவள் இன்றைக்குத் திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டு, ஊரார் ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் தட்டிக் கொடுக்கிறாள்.

இப்போது ஒரு வாசல் திறந்திருந்தது. மல்யுத்தம், ஸ்குவாஷ், பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் சேர்ந்த ஒன்று, இந்த மூன்றில் எது ஒலிம்பிக்குக்குள் வரும் என்று செப்டம்பர் எட்டாம் தேதி அர்ஜென்டினாவில் ஓட்டெடுப்பு. உலகத்தில் எங்கெல்லாம் இந்த ஆட்டத்துக்கு ஆள் இருக்கிறது என்று காட்டினால் நல்லது என்றார்கள். காட்டிவிடுவோம் என்று துணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். விழுப்புரம் ஜங்ஷனில் டீ குடிக்கிறவன் போடும் கையெழுத்துக்கும் அர்ஜென்டினாவில் விழும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் முறைப்பாள். பிரியா தினமும் கேட்டாள். கேட்டுவிட்டு, துணியைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் ஏற்றுவதையும் அவளே செய்தாள்.

அவர்கள் ஆடிய மைதானம், மைதானமே இல்லை. திண்டிவனத்துக்குத் தெற்கே, நாலுவழிச் சாலையை ஒட்டி சீனுவாசன் என்கிற விவசாயிக்கு இருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நிலம். சாலையை ஒட்டிய ஒரு பகுதியை மட்டும் அவர் பயிர் வைக்காமல் இவர்களுக்கு விட்டிருந்தார். ஒருநாள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தவர், மறுநாள் பந்து பொறுக்கிப் போட்டார், அதற்கடுத்த வாரம் அம்பயர் ஆகிவிட்டார். விதி பாதிதான் தெரியும். "அவுட்டு!" என்று அவர் கை தூக்கினால் மட்டும் சாலையில் போகிற லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான். கிளப்பின் சின்னமான சிறகு முளைத்த பந்து போட்ட தொப்பியை அவருக்குக் கொடுத்தார்கள். அதைக் கழற்றாமல் மாடு கறந்தார், கல்யாணத்துக்குப் போனார். அவர் மனைவி குப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆட்டத்துக்கு முன்னால் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவது அவர் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டார். கயிறு கட்டாமல், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எதிரே ஒரு பனைமரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். கோடு அம்பு மாதிரி போகும்.

அப்படி ஆட்டம் நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் தேவநாதன் வந்தான். மனை வியாபாரம் செய்கிறவன். விழுப்புரத்தில் ஆபீஸ். சீனுவாசன் நிலத்துக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த கரம்பு முழுவதையும் வாங்கிப் போட்டிருந்தான். அதற்குச் சாலையிலிருந்து போக வழி கிடையாது. நடுவில் சீனுவாசனின் நிலம் நின்றது. இதெல்லாம் அமல்ராணிக்குத் தெரியாதா? தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஆனால் வெள்ளைச் சட்டையும் குங்குமப் பொட்டுமாக ஒருவன் வந்து, கை கூப்பி, "டீச்சர், உங்க போராட்டத்துக்கு நான் இன்னா செய்யணும், சொல்லுங்க" என்று கேட்டபோது அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எட்டு வருஷத்தில் அவளிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவன்.

விழுப்புரம் முழுக்க அவன் செலவில் பேனர் நின்றது. கையெழுத்துத் துணி தீரத் தீரப் புதிதாக வந்தது. 'பேஸ்பால் ஒலிம்பிக்குக்குத் திரும்ப வேண்டும்' என்று ஆட்டோ முதுகுகளில் ஒட்டியிருந்தது. பதிலுக்கு அவன் கேட்டது ஒன்றே ஒன்று. அவனிடம் வேலை செய்கிற பையன்களும் ஒரு டீம் வைக்க வேண்டுமாம். கிளப் பெயரில் அவர்களுக்கும் பையும் பனியனும் அடையாள அட்டையும் வேண்டுமாம்.

"பேட்டு ஒரு முப்பது சொல்லிடுங்க டீச்சர்."

"பந்து எத்தினி சொல்லட்டும்?"

"பந்தா?" தேவநாதன் கொஞ்சம் யோசித்தான். "நீங்க பாத்து சொல்லுங்க."

மீரட்டிலிருந்து லாரி பார்சலில் சாமான் வந்தது. விழுப்புரத்து ஆபீசில் வைத்துப் பிரித்தார்கள். தேவநாதன் ஒரு மட்டையை எடுத்து ஒற்றைக் கையில் பிடித்து எடை பார்த்தான். மட்டையை அப்படிப் பிடிப்பதில்லை, இரண்டு கையால் பிடிக்க வேண்டும் என்று அமல்ராணி சொல்லிக் கொடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் பைபாஸில் ஏட்டு தன்னை மடக்கிய கதையைச் சொன்னாள். சிரிப்புக் கதையாகத்தான் சொன்னாள். 'பந்து எங்கம்மா' என்று ஏட்டின் குரலிலேயே பேசிக் காட்டினாள். அதனால் உங்கள் பையன்களும் எங்கே போனாலும் பையில் மட்டைக்கு மேலே ஒரு பந்தும் ஒரு கிளவுசும் வைத்துக்கொள்ளட்டும், போலீஸ் தொந்தரவு இருக்காது என்று முடித்தாள்.

தேவநாதன் சிரிக்கவில்லை. "இன்னொரு தபா சொல்லுங்க டீச்சர்" என்றான். அவள் இன்னொரு முறை சொன்னாள். அவன் திரும்பி, கதவோரம் நின்ற தன் டிரைவரைப் பார்த்தான்.

"கேட்டுக்கினியாடா பச்சைமுத்து?"

"கேட்டுக்கினேண்ணா."

பிரியா அன்றைக்கு அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் கேமராவை அமல்ராணியிடம் நீட்டினாள். தேவநாதனின் பையன்கள் கிளப் பனியனில் வரிசையாக நின்றார்கள். ஒருத்தன் கூடச் சின்னப் பையன் இல்லை. எல்லாரும் கழுத்து தடித்த ஆட்கள்.

"நல்லாப் பாருங்க மிஸ். கிளவுச எந்தக் கையில மாட்டிக்கிறானுங்கன்னு பாருங்க."

பந்து பிடிக்கும் கையில் மாட்ட வேண்டியதை வீசும் கையில் மாட்டியிருந்தார்கள். அத்தனை பேரும். இரண்டு பேர் கட்டைவிரலைச் சுண்டுவிரல் உறையில் நுழைத்திருந்தார்கள்.

"புதுசுல எல்லாரும் அப்டித்தான்டி. நீ மொத நாளு தலையில கவுத்துக்கினு நின்ன."

"நான் மறுநாளு ஆட வந்தேன் மிஸ். இவனுங்க ஒருநாளாவது கிரவுண்டு பக்கம் வந்தானுங்களா?"

அமல்ராணி கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிரியா சொன்னது உறைத்தது. உறைத்ததை வேண்டுமென்றே தள்ளி வைத்தாள். எட்டாம் தேதி போகட்டும், அதுவரைக்கும் இந்த ஆள் வேண்டும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

ஆகஸ்டில் நிலத்தில் ஒவ்வொன்றாக நடந்தது. சீனுவாசனின் மோட்டார் ஒயரை யாரோ அறுத்துப் போட்டார்கள். எல்லைக் கற்கள் இரண்டு காணாமல் போயின. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், பந்து வீசும் மேட்டின் நட்ட நடுவில் சிவப்புப் பெயின்ட் அடித்த கல் ஒன்று நட்டிருந்தது. சாலையிலிருந்து நேர் கோடு பிடித்துப் பின்னால் இருக்கும் கரம்பு வரைக்கும் அதே போலக் கற்கள். பாதைக்கு அளந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சீனுவாசன் கடப்பாரையால் அத்தனையையும் பெயர்த்தார். பெயர்த்த கல் ஒன்றைக் கொண்டுபோய், ஓடுகிறவர் தொட வேண்டிய இரண்டாவது பேஸில் வைத்துவிட்டு, "தேவலாமே டீச்சரம்மா, நமக்கு பேஸு இல்லன்னு அவனே குடுத்திருக்கான்" என்று சிரித்தார்.

"சிரிக்காதீங்கண்ணா. யாரு இன்னா சொன்னாங்க உங்ககிட்ட? மறைக்காம சொல்லுங்க."

"தேவநாதன் ரெண்டு தபா வந்தான். குடுக்கிறியான்னான். இது எங்கப்பன் வெட்டுன கெணறு, குடுக்கறதுக்கில்லன்னேன். சரிண்ணான்னு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டான். நல்லவிதமாத்தான் பேசுறான்."

"போலீசுல ஒரு புகார் குடுத்துடலாம்ணா."

"குடுத்தா உங்க பேனரு, துணி எல்லாம் நின்னுடாதா?" என்று அவரே கேட்டார். "எட்டாம் தேதி ஆவட்டும் டீச்சரம்மா. ஆட்டம் வந்துடட்டும். ஒலிம்பிக்குல ஆடுற ஆட்டம் நடக்குற நெலத்துல எவன் கை வெப்பான்?"

அவர் அதை நம்பினார். பாவி மனுஷன், நிஜமாகவே நம்பினார். ஓட்டெடுப்பு ஜெயித்தால் தன் நிலத்துக்குக் காவல் கிடைத்துவிடும் என்று அவருக்கு யார் சொன்னது? அமல்ராணிதான். வேறொரு சமயம், பேச்சு வாக்கில், ஒலிம்பிக்கில் வந்துவிட்டால் இந்த மைதானத்தை யாரும் அசைக்க முடியாது அண்ணா என்று பெருமைக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

இருந்தாலும் தேவநாதனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று விழுப்புரம் போனாள். கேட்டாள். அவன் அவளுக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, மெதுவாகப் பேசினான்.

"சீனு அண்ணன் நமக்கு வேண்டியவரு டீச்சர். அவரு மேல ஒரு தூசு விழ விடுவேனா? நீங்க ஆட்டத்தப் பாருங்க. மொதல்ல எட்டாம் தேதி வரட்டும்."

எல்லாரும் எட்டாம் தேதியையே சொன்னார்கள். டீ நன்றாகத்தான் இருந்தது. அவளால் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசைக்குப் போய் மாதாவிடம் மன்றாடிவிட்டு விழுப்புரம் கிளம்பினாள். மாதா பிறந்த நாளும் அதுவாகவே இருந்தது நல்ல சகுனம் என்று நினைத்தாள். அர்ஜென்டினாவில் ஓட்டு விழ இரவாகிவிடும். அதுவரை கையெழுத்துத் துணிகளையெல்லாம் தேவநாதன் ஆபீஸ் வாசலில் கட்டி, ஊரைக் கூட்டி, கடைசியாக ஒரு படம் எடுத்து அனுப்புவதென்று ஏற்பாடு. பிரியாவும் கிளப் பெண்களும் வந்திருந்தார்கள். வெயில் சாய்ந்து, கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்றே இல்லை. துணிகள் தொங்கிய இடத்திலேயே தொங்கின.

தேவநாதன் வாசலிலேயே நின்றான். அவன் ஒரு இடத்தில் கால்மணி நேரம் நிற்கிற ஆள் இல்லை. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து நின்றான். வருகிறவன் போகிறவன் எல்லாரிடமும் கை குலுக்கினான், பெயர் சொல்லிக் கூப்பிட்டான், பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டான். பிரியாவிடம், "படத்துல மணி தெரியுமாம்மா?" என்று கேட்டான். தெரியும் என்றாள். நல்லது என்றான்.

அவனுடைய டீமைக் காணவில்லை. படத்துக்கு மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்க அவர்கள்தான் வருவதாகப் பேச்சு. அமல்ராணி ஆபீசுக்குள் எட்டிப் பார்த்தாள். மூலையில் பந்துப் பெட்டி கிடந்தது. ஒட்டிய டேப் சில பந்துகளை மட்டும் எடுக்கும் அளவுக்கு ஒரு ஓரத்தில் கிழிந்திருந்தது. மட்டைகளையும் பைகளையும் காணவில்லை.

"பசங்க எங்க சார்?"

"பிராக்டிசுக்குப் போயிக்கிறானுங்க டீச்சர்" என்றான் தேவநாதன், வேறு யாருக்கோ கை குலுக்கிக்கொண்டே.

பிராக்டிஸ். கிளவுசை எந்தக் கையில் மாட்டுவது என்று தெரியாதவர்கள் பிராக்டிசுக்குப் போயிருக்கிறார்கள். அமல்ராணி படிகளில் இறங்கி, கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போய் சீனுவாசனின் போனுக்கு அடித்தாள். நெடுநேரம் அடித்தபிறகு குப்பம்மாள் எடுத்தாள்.

"அண்ணி, அண்ணா எங்க?"

"நெலத்துக்குப் போயிக்கிறாரு டீச்சரம்மா. போன சார்ஜில போட்டுட்டுப் போயிட்டாரு. நீங்கதான் கூப்புட்டீங்களாமே?"

"நானா?"

"உங்க கிளப்புலேர்ந்து போன் வந்துதாம். இன்னிக்கி சாயங்காலம் ஆட்டம் கீது, ஜல்தியா வந்து கோடு போட்டு வைங்கன்னு டீச்சர் சொன்னாங்கன்னாங்களாம். கூடையத் தூக்கிக்கினு ஓடுறாரு மனுசன். சோறு கூட முழுசா துன்னல."

"அண்ணி, யாரையாவது அனுப்பி அவர வரச் சொல்லுங்க. ஒடனே. யாரையாவது."

"இன்னாம்மா ஆச்சி?"

அமல்ராணி போனை வைத்தாள். சாலைக்கு ஓடி, கிடைத்த சென்னைப் பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள். பிரியா பின்னாலிருந்து "மிஸ்! மிஸ்!" என்று கத்தியது கேட்டது. பஸ் ஜங்ஷன் நெரிசலில் ஊர்ந்தது. டிரைவர் எவனுக்கோ வழி விட்டு, எவனையோ திட்டி, ஒரு கிழவரை ஏற்றிக்கொண்டு, பைபாஸைத் தொடுவதற்குள் அவளுக்கு உயிர் போய்த் திரும்பியது.

பைபாஸில் தடுப்பு போட்டிருந்தார்கள். பஸ் மெதுவானதும் படியில் நின்றவள் குதித்தேவிட்டாள். புளியமரத்தடியில் பெரியதம்பி நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாம்மா! இன்னிக்கி ராவுக்குத்தான ரிசல்ட்டு? காலையிலயே சாமி கும்புட்டேன். உன் பசங்க கூட இப்பத்தான் போனானுங்க."

"எந்தப் பசங்க சார்?"

"அதான், உங்க கிளப்பு பனியன் போட்டுக்கினு. வெள்ள வண்டி. நிறுத்தி ஜிப்பத் தொறந்தேன். மேலயே பந்து கீது, கிளவுசு கீது. எல்லாப் பையிலயும் அப்டியே. எனக்கே சந்தோசமா இருந்திச்சிம்மா. ஆல் தி பெஸ்ட் சொல்லி அனுப்பி வெச்சேன்."

அமல்ராணி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சீனுவாசன், நிலம், தேவநாதன் என்று பெயர்களாகத்தான் வந்தது. ஏட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. பதினெட்டு வருஷம் காக்கி போட்டவர். சிரிப்பு அப்படியே நின்றது.

"பந்து இருந்துச்சேம்மா" என்றார். பிறகு தனக்குத்தானே கேட்பது போல், "அத அவனுங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வயர்லெஸ் மைக்கில் அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டு, பைக்கை உதைத்து, "உக்காரும்மா" என்றார்.

வழியெல்லாம் மழைக்கு முந்திய புழுக்கம். நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. சாலை ஓரத்தில் வண்டி எதுவும் இல்லை. நிலத்தில் ஆள் யாரும் இல்லை. மட்டை பிடிக்கிறவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸை நோக்கிச் சுண்ணாம்புக் கோடு கிளம்பியிருந்தது. எப்போதும் போல நேராக, அகலம் மாறாமல், எதிரே இருந்த பனையைப் பார்த்துப் போனது. பாதி தூரத்தில் நின்றுவிட்டது.

அதற்கப்பால் கோடு இல்லை. சுண்ணாம்பு பெரிய வட்டமாகக் கொட்டிக் கிடந்தது. அதில் காலடிகள், நிறையக் காலடிகள். கூடை கவிழ்ந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் சிறகு முளைத்த பந்து போட்ட தொப்பி.

"அண்ணா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள் அமல்ராணி. கிணற்று மேட்டுக்குப் பின்னால் கிடந்தவரை ஏட்டுதான் முதலில் பார்த்தார். "கிட்ட வராதம்மா" என்று கத்தினார். அவள் கேட்கவில்லை. சீனுவாசனுக்கு மூச்சு இருந்தது. வலது கை மட்டும் முழங்கைக்குக் கீழே எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் இல்லை. முடியெல்லாம் சுண்ணாம்பு, சுண்ணாம்பெல்லாம் ரத்தம்.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பிரியாவிடமிருந்து செய்தி வந்தது. மல்யுத்தம் ஜெயித்துவிட்டது. பேஸ்பால் இல்லை. அமல்ராணி அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். எட்டு வருஷமாக எந்தச் செய்திக்குக் காத்திருந்தாளோ அது வந்து, போனது. அவளுக்கு அழுகை கூட வரவில்லை.

குப்பம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரியெல்லாம் விடவில்லை. தலையில் அடி, கண் விழித்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நம்ம ஆட்டம் வந்துச்சாம்மா?" என்று கேட்டாள் குப்பம்மாள்.

"வரல அண்ணி."

"அய்யோ. கண்ணு முழிச்சா மொதல்ல அதத்தான் கேப்பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊருல இன்னா இன்னாமோ பேசுறாங்க டீச்சரம்மா. பேஸ்பாலு பனியன் போட்டவனுங்கதான் அடிச்சானுங்களாம். நான் நம்பவே இல்ல. எங்க டீச்சரம்மா ஆளுங்க அப்டி செய்ய மாட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

அப்போது இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னால் பெரியதம்பி, கையில் ஒரு நீளப் பை. நிலத்துக்குப் பக்கத்து ஓடையில் வீசிவிட்டுப் போயிருந்தார்களாம். மட்டை இல்லை. பந்தும் கிளவுசும் மட்டும் உள்ளே இருந்தன. கிளவுசில் கடைச்சீட்டு இன்னும் தொங்கியது. பந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்த நிலத்தில் ஒரே ஒருமுறை உருண்டிருந்தால் கூடச் செம்மண் ஏறியிருக்கும்.

"இந்தப் பை யாருதும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அமல்ராணி வாயைத் திறப்பதற்குள் குப்பம்மாள் முந்திக்கொண்டாள். எழுத்துப் படிக்கத் தெரியாது, ஆனால் சின்னம் தெரியும்.

"நம்ம பை சார் இது. இதோ, எங்க வூட்டுக்காரரு தொப்பியில போட்டுக்கிற படந்தான் கீது. டீச்சரம்மாவோட பை." பிறகு அமல்ராணி பக்கம் திரும்பி, ஒன்றும் புரியாமல் கேட்டாள். "இது எப்டிம்மா அவனுங்க கைக்குப் போச்சி?"

"நான்தான் குடுத்தேன் அண்ணி" என்றாள் அமல்ராணி. "பந்த மேல வெக்கச் சொன்னதும் நான்தான்."

குப்பம்மாள் அவள் கையை விட்டாள்.